இடுப்பளவு வேலி

எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், வேலிகளைக் குறைக்கச் சொல்லும் உத்தரவு எந்தக் காகிதத்திலும் வரவில்லை. ஒரு காலையில் சில சிப்பாய்கள் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவன் ஒவ்வொரு வீட்டு வேலியோடும் ஒட்டி நின்று, கையை விரித்துத் தன் இடுப்புக்கு நேரே வைத்துக் காட்டினான். அதற்கு மேலே உள்ளதெல்லாம் போக வேண்டும், மறுநாளைக்குள். அவனுக்குத் தெரிந்த தமிழ் அதிகம் என்பதற்கு "கூட", பிறகு "வெட்டு", அவ்வளவுதான். அன்றைக்கு அவனுக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

அவர்கள் போன பிறகு பக்கத்து வீட்டு வளவில் இருந்து நானா எங்கள் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவர் கிண்ணியா முஸ்லிம்; எல்லாருக்கும் அவர் நானா, அண்ணன். துறைமுகத்துக்குக் கிட்ட, சந்தி முகப்பில் ஒரு சாமான் கடை வைத்திருந்தார்.

"அவன் நெட்டையன், அது நம்மட நல்ல காலம்" என்றார் அப்பாவிடம். "ஒரு கட்டையனை அனுப்பியிருந்தா வேலி முழங்காலுக்கு வந்திருக்கும்."

அப்பா சிரித்தார். அந்த விஷயத்தில் அவர் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

காரணம் இல்லாமல் அவர்கள் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஒழுங்கை முனையில் மாடி வைத்த வீடு ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அதன் மொட்டை மாடியில் மண்மூட்டை அடுக்கிக் காவலரண் போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் துறைமுகத் தண்ணீர், மறு பக்கம் எங்கள் வளவுகள். வேலி மறைவில் யாராவது பதுங்கி வந்துவிடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம். எங்களுக்கு இருந்த பயம் போலவே அதுவும் உண்மையான பயம். ஆனால் அவர்களுடைய பயத்துக்கு எங்கள் வேலியை வெட்டலாம். எங்களுடைய பயத்துக்கு அவர்களுடைய ஒரு மண்மூட்டையைக்கூட நகர்த்த ஏலாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான் நான் பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குக் கிடுகு வேலி ஏழ்மையின் அடையாளம். மதில் கட்டக் காசில்லாதவன் தென்னோலையைப் பின்னிக் கட்டுகிறான் என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது வேறு. மாரி முடிந்து வெயில் பிடித்ததும் ஒவ்வொரு வீட்டிலும் பழைய கிடுகை உருவிப் புதுக் கிடுகு வைத்துக் கட்டுவார்கள். வேலி அடைக்காத வீட்டைப் பார்த்தால், அந்த வீட்டில் ஆம்பிளை இல்லையோ என்று கேட்பார்கள். கள்ளன் கிடுகை விலக்கிக்கொண்டு உள்ளே வரலாம், அது எல்லாருக்கும் தெரியும். கள்ளனுக்காக அடைப்பதில்லை வேலி. வெளியில் மூட்டை சுமப்பவனும், கந்தோரில் கைகட்டி நிற்பவனும், கடன் கேட்டுப் போய்த் திரும்பியவனும் தன் வளவுக்குள் வந்ததும் யாருடைய கண்ணுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. அந்த ஓலை மறைப்புக்குள் அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தன் பாட்டுக்கு இருக்கலாம்.

அந்த வேலிக்குள்தான் கிணற்றடி இருந்தது. அக்கா தினமும் அங்கேதான் குளித்தாள்.

அக்கா ஒரு நேசரியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். காலையில் குளித்து, தலையைத் துவட்டி, வெள்ளையாய் ஒரு சேலை உடுத்திக்கொண்டு போவாள். எங்கள் ஊர்ப் பெண்கள் கிணற்றடியில் குளிப்பது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும்: ஒரு துணியை நெஞ்சுக்கு மேலே குறுக்குக் கட்டாகக் கட்டிக்கொண்டு, வாளியால் அள்ளி ஊற்றுவார்கள். துணி நனைந்தால் உடம்போடு ஒட்டும். அதனால்தான் வேலி.

வேலியை வெட்டிய மறுநாள் காலை அக்கா கிணற்றடிக்குப் போய், கப்பிக் கயிற்றைப் பிடித்தபடி மாடியைப் பார்த்தாள். மாடியில் நின்றவன் அவளைப் பார்த்தான். அவள் வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

அவர்கள் சீட்டி அடித்தார்களா, பாட்டுப் படித்தார்களா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒருவன் ஒருநாள் பாடினான், அவ்வளவுதான். மற்றவர்கள் சும்மா பார்த்தார்கள். பார்ப்பதற்குத்தான் அவர்களை அங்கே நிறுத்தியிருந்தது. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் என் கோபத்துக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும்.

அம்மா தன்னால் ஆனதைச் செய்தாள். பழைய சேலை ஒன்றைக் கொடியில் விரித்துக் கிணற்றுக்கு மறைப்புக் கட்டினாள். மத்தியானத்துக்குள் இரண்டு பேர் வந்தார்கள். சேலையை அவர்களே அவிழ்த்து, மண்ணில் படாமல் மடித்து, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா அந்த மடிப்பைக் கலைக்காமல் அலுமாரியில் வைத்தாள். பிறகு அதை உடுத்தவே இல்லை.

விடியுமுன் எழும்பிக் குளிக்கலாம் என்றால், வெளிச்சம் வருமுன் வளவில் அசையும் எதற்கும் வெடி விழலாம். மலசலகூடம் ஒரு ஆள் குந்தும் அகலம். அக்கா ஒரு துணியை நனைத்து அறைக்குள் உடம்பைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அந்த வெயிலில், அந்தக் கடற்காற்றின் பிசுபிசுப்பில், அது எத்தனை நாளைக்கு? ஒருநாள் நேசரியில் ஒரு பிள்ளை "டீச்சர் மணக்குறா" என்று சொல்லிவிட்டதாம். அடுத்த நாள், வேலையை விட்டுவிட்டுத் தம்பலகாமத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னாள். அங்கே குளமும் வயலும் இருந்தன. யானை வரும், ஆனால் யானை குளிக்கிறவளை நின்று பார்ப்பதில்லை.

"குளிக்கிறதுக்காக ஆரும் ஊர் மாறுறதோ?" என்று அம்மா அழுதாள். பிறகு என்னைக் காட்டி, "தம்பி படிச்சவன். அவன் போய்க் கதைப்பான். கொஞ்சம் பொறு பிள்ளை" என்றாள்.

எங்கள் பரம்பரையில் முதன்முதலாக உயர்தரம் வரை படித்தவன் நான். அப்பா இறங்குதுறையில் மூட்டை சுமப்பவர். கையெழுத்துக்குப் பெருவிரல்தான். என்னை அவர் அரசறிவியல் படிக்க விட்டதற்குக் காரணம், அந்தப் பெயரில் அரசு என்ற சொல் இருந்ததால் உத்தியோகம் நிச்சயம் என்று நம்பியதுதான். உத்தியோகம் கிடைக்கவில்லை. நான் ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாடத்தில் அரசின் அதிகாரத்துக்கு எல்லை ஏன் வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். அதற்கு நான் எழுதிய விடையை என் ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறார். அரசு மக்களின் சம்மதத்தால் நிற்கிறது. மனிதனின் வீடும் உடலும் அவனுடையவை. சட்டம் சொல்லாததை அதிகாரி செய்யக்கூடாது. இவற்றை நான் புள்ளிக்காக எழுதவில்லை. நம்பி எழுதினேன்.

ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், முடித்துத் தருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், உள்ளே வைத்த உடுப்புகளை எடுக்காமலே.

முதலில் கிராம சேவகரிடம் போனேன். எங்கள் பேச்சில் அவர் இன்னும் விதானையார்தான். பொறுமையாகக் கேட்டார். வேலியைக் குறைக்கச் சொன்ன உத்தரவின் பிரதி ஒன்று தர ஏலுமோ என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு அறிவித்தலும் வரேல்ல, தம்பி" என்றார்.

"அப்ப அதை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"வராததை நான் என்னெண்டு நிப்பாட்டுறது?"

பிரதேசச் செயலகத்துக்குப் போனேன். அது பாதுகாப்பு விஷயம், தாங்கள் தலையிடுவதில்லை என்றார்கள். பொலிசுக்குப் போனேன். அது ஆமிக்காரருடைய வேலை என்றார்கள். முகாம் வாசலில் நின்றவன், அது மேலிடத்து உத்தரவு என்றான். மேலிடம் எங்கே என்று கேட்க, தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தான். பகிடிக்குத்தான் செய்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொடிய சட்டம் என்றாலும் எழுதி வைத்திருந்தால் அதை எதிர்க்கலாம். இந்த வரி பிழை, இந்த அதிகாரிக்கு இந்த அதிகாரம் இல்லை என்று வாதாடலாம். எங்கள் வேலியை வெட்டிய உத்தரவுக்கு வரியே இல்லை. ஒருவனுடைய இடுப்பு மட்டும்தான் இருந்தது. அந்த இடுப்புக்காரன் எங்கே நிற்கிறான் என்று விசாரித்தேன். அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

மாலையில் நானாவின் கடையில் போய் இருந்தால் அவர் என்னைச் சீண்டுவார்.

"உன்ட புத்தகத்தில கவுண்மேந்துக்கு ஒரு வீடு போட்டிருக்கோ, தம்பி?"

"இல்ல நானா."

"இருந்தாச் சொல்லு. போய் அவன்ட கிணத்தடியையும் ஒருக்காப் பாத்திட்டு வருவம்."

அவருக்கும் அதே வேலிதான், அதே கிணறுதான். அவருடைய மனைவி முற்றத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் மனைவியையும் மகளையும் கிண்ணியாவுக்கு அனுப்பிவிட்டு, கடையைப் பார்த்துக்கொண்டு தனியே இருந்தார். வீட்டுப் பின் அறையில், மூதூரில் இருந்து அப்போதுதான் வந்த, மருமகன் முறையான ஒருவன் மட்டும் தங்கியிருந்தான். சோதனைக்குப் படிக்க வந்த பெடியன்.

கிழமை ஒன்றல்ல, பல போய்விட்டன. மழையும் தொடங்கிவிட்டது.

வேலி நிற்பது கதியாலில். கதியால் என்றால் செத்த தடி இல்லை. கிளுவை, பூவரசு, முருங்கை ஆகியவற்றின் கொப்பை வெட்டி நட்டால் அதுவே வேர்விட்டு மரமாய் நிற்கும். அதில்தான் கிடுகைக் கட்டுவோம். கதியாலை இடுப்பளவில் வெட்டினால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் வெட்டினோம், வெட்டச் சொன்னதால். முதல் மழைக்கு, வெட்டிய வாயில் எல்லாம் ஐந்தாறு துளிர் விட்டது. இரண்டு கிழமைக்குள் ஒழுங்கை முழுக்கப் பழைய வேலியைவிட அடர்த்தியாய்ப் பச்சை எழும்பிவிட்டது. கட்டளைக்குப் பணிந்த வீடுகளில்தான் அதிகம் தழைத்திருந்தது.

இதைப் பிறகு ஒரு நண்பனிடம் சொன்னபோது, எவ்வளவு அழகான விஷயம் என்றான். இதில் யாரும் அழகு தேட வேண்டாம். அந்தத் தழைப்புக்காக அப்பா ஒரு முழுக் காலையும் சந்தியில் வெயிலில் முழங்காலில் இருந்தார். வேலையால் வந்த களைப்பில் ஒரு கிழமை கவ்வாத்துப் பண்ணவில்லை, அவ்வளவுதான் குற்றம்.

"ஏன் வளத்தது?" என்று கேட்டானாம் சிப்பாய்.

"நான் வளக்கேல்ல. அது தன்ரபாட்டில வளருது" என்று அப்பா சொன்னாராம். திருப்பிக் கதைக்கிறான் என்று அதற்கும் சேர்த்து இருத்தி வைத்தார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து முழங்காலில் எண்ணெய் பூசிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் வாசித்த புத்தகங்கள் எல்லாம் அந்தப் பார்வைக்கு முன்னால் கிடந்தன. அடுத்த நாளில் இருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் கத்தியோடு வேலியைச் சுற்றி வந்தேன். மக்களின் சம்மதத்தால் நிற்கும் அரசு என்று எழுதிய அதே கைதான்.

அந்த நாட்களில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி சம்பூர்ப் பக்கத்தில் இருந்து வந்தார். அது குடாவுக்கு அக்கரை. அங்கே ஆண்டவர்கள் வேறு. எங்களை விடுவிக்க வந்ததாகச் சொன்னவர்கள். நான் என் கதையைச் சொல்ல, மாமா வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டு, இங்கே வருவதற்குத் தான் பட்ட பாட்டைச் சொன்னார். ஊரை விட்டு வெளிக்கிட அவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டும். திரும்பி வருவேன் என்பதற்கு வேறு ஒரு ஆள் பிணை நிற்க வேண்டும். மனைவி பிணை நின்றாளாம்.

"இஞ்ச வேலியை வெட்டுறாங்கள். அங்க எங்களைச் சுத்தி அடைக்கிறாங்கள்" என்றார். "ரெண்டு பேரும் எங்கட நன்மைக்கெண்டுதான் சொல்லுகினம்."

அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. எந்தக் கொடியாக இருந்தாலும் அதன் கீழே நிற்பவன் கையில் துவக்கு இருந்து, அவனைக் கேள்வி கேட்க யாரும் இல்லை என்றால், அவன் முதலில் வந்து கை வைப்பது சாதாரண மனிதனின் வீட்டுப் படலையில்தான். இது பாடப் புத்தகத்தில் இல்லை. மாமாவின் வாயில் இருந்துதான் படித்தேன்.

மாமா திரும்பிப் போன அதே கிழமையில் முகாமில் இருந்து எனக்கு ஆள் வந்தது. வாசலில் அடிக்கடி வந்து நிற்கும் பெடியனைப் பெரியவர் பார்க்க வேண்டுமாம். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அப்பா வேலைக்குப் போகாமல் படலை வரை வந்தார். அக்கா என் சேர்ட்டை அயன் பண்ணிக் கொடுத்தாள். அவளுடைய கண்ணில் நம்பிக்கை இருந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்த அதிகாரி நல்ல மனிதர். இப்படி எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருந்தாலும் உண்மை அதுதான். கதிரை போட்டு இருக்கச் சொன்னார். பிளேன்ரீ வந்தது. மெதுவாக, சொல் தேடித் தேடித் தமிழில் கதைத்தார். தனக்கும் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள் என்றார். சொல்லவேண்டியதை எல்லாம் நான் சொன்னேன்: வேலி, கிணறு, அக்கா, நேசரி. சட்டத்தையும் சொன்னேன். சட்டத்தைச் சொன்னபோது அவர் கொஞ்சம் சிரித்தார், பரிகாசமாக இல்லை.

"நீங்கள் கேட்பது நியாயம்" என்றார். "கிணற்றுக்கு நாலு பக்கமும் தகரம் அடிக்கலாம். நான் மாடியில் உள்ளவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒருவரும் கழற்ற மாட்டார்கள்."

நன்றி சொல்ல எழும்பினேன். அவர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"நீங்களும் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும், தம்பி. உங்கள் ஒழுங்கையில் புதிதாய் ஆர் வந்து தங்கினாலும் வெள்ளிக்கிழமையில் வந்து சும்மா சொல்லிவிட்டுப் போங்கள். பெரிய விஷயம் இல்லை."

புதிதாய் வந்து தங்கியிருப்பவன் யார் என்று எனக்குத் தெரியும். நானாவின் பின் அறையில் கணக்குப் புத்தகத்தோடு குந்தியிருந்த மூதூர்ப் பெடியன். அவனைப் பற்றி நான் "படிக்க வந்தவன்" என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அதை வைத்து என்ன முடிவு எடுப்பது என்பது என் கையில் இல்லை. ஒரு இரவு வந்து விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனால் யாரிடம் போய் எதைக் கேட்பேன்? விதானையாரிடமா?

அந்த நேரத்தில் இவ்வளவும் ஒழுங்காக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு முன்னால் தெரிந்தது இதுதான்: எங்கள் கிணற்றைச் சுற்றித் தகரம் நிற்கும். அதற்குப் பதிலாக, ஒழுங்கையில் உள்ள மற்ற எல்லா வீட்டுக்கும் நான் அந்த மாடியில் நிற்பவன் ஆகிவிடுவேன். அவனாவது தூரத்தில் நின்று பார்த்தான். நான் நானாவின் கடைக்குள் இருந்து, அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பார்ப்பேன்.

"எனக்கு ஏலாது, சேர்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன். ஆறிப்போயிருந்தது. எழும்பும்போது, "அப்படியென்றால் வேலி இடுப்பளவுதான், தம்பி" என்றார், விருந்தாளிக்கு வழி சொல்வதுபோல.

வீட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அப்பா வெடித்தார்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே! வெள்ளிக்கிழமை போய், ஒருத்தரும் வரேல்ல எண்டு சொன்னா முடிஞ்சுது. அதுக்கும் படிப்பு வேணுமே?"

"பிறகு ஆரும் வந்திருந்தா, ஏன் சொல்லேல்ல எண்டு கேப்பினம், அப்பா."

"கேக்கேக்க பாக்கலாம். நாலு தகரம், மோனே. உன்ர கொக்கா குளிக்கிறதுக்கு நாலு தகரம்."

அப்பா சொன்னது முட்டாள்தனம் இல்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் தப்பிப் பிழைத்தார்கள்: ஓம் என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல். அதிகாரத்தை ஏமாற்றியே வாழப் பழகிய மனிதர் அவர். என்னைப் படிக்க வைத்து, ஏமாற்றத் தெரியாதவனாக ஆக்கிவிட்டார். என்மேல் வந்த கோபத்தில் பாதி அவருக்குத் தன்மேலேயே இருந்திருக்கும். சாப்பிடாமல் எழும்பிப் போனார். அம்மா என் பக்கமும் பேசவில்லை, அவர் பக்கமும் பேசவில்லை. நானாவிடம் நான் ஒன்றுமே சொல்லவில்லை. சொன்னால் நன்றி சொல்வார். அந்த நன்றியை வாங்க எனக்கு மனம் வரவில்லை, வீட்டில் அக்கா குளிக்காமல் இருக்கும்போது.

அக்கா எல்லாவற்றையும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் உடுப்புகளை எடுத்துத் திரும்பவும் அலுமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல், "அவங்களிட்டக் கேட்டு வாங்கிற தகரம் எனக்கு வேண்டாம்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் குசினியைக் காலி செய்தாள். அம்மா எவ்வளவோ சத்தம் போட்டாள். அடுப்புக் கல்லு, சட்டி பானை, அம்மி, திருவலை, விறகு எல்லாவற்றையும் நானும் அவளுமாக முற்றத்துக்குக் கொண்டு வந்தோம். குசினி நிலத்தில் ஒரு மூலையை உடைத்து, சுவருக்குக் கீழால் தண்ணீர் வெளியே ஓட ஒரு பீலி வைத்தேன். ஒரு பெரிய வாளியும் அண்டாவும் உள்ளே போயின. கிணற்றில் நான் அள்ளுவேன், அக்கா உள்ளே தூக்கிக்கொண்டு போவாள். கதவைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டுக் குளிப்பாள்.

முதல் நாள் அவள் எவ்வளவு நேரம் குளித்தாள் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் விழும் சத்தம் நிற்கவே இல்லை. பீலியால் சவுக்கார நுரை வந்து முருங்கைக்கு அடியில் தேங்கியது. அம்மா முற்றத்தில், மாடியில் நிற்பவனுக்கு நேர் எதிரே குந்தி இருந்து, ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். புகையில் அவளுடைய கண் கலங்கியது. அல்லது புகை என்று சொன்னாள்.

குளிக்கும் இடம் உள்ளேயும் சமைக்கும் இடம் வெளியேயுமாக எங்கள் வீடு புரண்டு கிடந்தது. மழை வந்தால் சோறு இல்லை. தகரத் துண்டு ஒன்றை அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். அப்பா வேலையால் வந்து அந்தக் கோலத்தைப் பார்த்து முணுமுணுப்பார். ஆனால் குசினிக் கதவுக்கு உள்பக்கம் அந்தக் கொண்டியை அடித்துக் கொடுத்தது அவர்தான்.

பத்து நாள் போயிருக்கும், மூன்று சிப்பாய்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். வந்த விஷயம் புகை. ஈர விறகுப் புகை கடற்காற்றில் சாய்ந்து போய் ஒழுங்கையை மூடுகிறதாம். மாடியில் இருந்து ஒன்றும் தெரியவில்லையாம்.

"புகை கூட. அடுப்பு உள்ள போடு" என்றான் ஒருவன். இருபது வயது இருக்கும். மீசை சரியாக அரும்பவில்லை.

நான் முன்னுக்குப் போனேன். எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் வாயில் வரிசையாக வந்து நின்றது: எங்கள் வளவு, எங்கள் அடுப்பு, எந்தச் சட்டத்தின் கீழ். ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. அவன் திரும்பக் கேட்டான், ஏன் குசினியில் சமைக்கவில்லை என்று. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

குசினிக் கதவு திறந்தது. அக்கா தலையில் துவாயைச் சுற்றியபடி, முழுக்க உடுத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"குசினிக்குள்ள நான் குளிக்கிறன்" என்றாள் அவனிடம். "வெளியில குளிச்சா நீங்கள் பாக்கிறீங்கள். அதால உள்ள குளிக்கிறன். அதால அம்மா வெளியில சமைக்கிறா. விளங்குதோ?"

அவனுக்கு விளங்கியது. காது வரைக்கும் சிவந்துபோனான். மற்றவர்களுக்கு அவன் சிங்களத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னான். ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. படலையைச் சாத்திவிட்டுப் போனார்கள். அடுப்பைப் பற்றி அதற்குப் பிறகு அவர்கள் கேட்கவில்லை.

நானா அதைக் கேள்விப்பட்டு, "உன்ட ராத்தா வென்றிட்டா" என்றார், அக்காவை. அப்பாகூட அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார். என்னால் அதை வெற்றி என்று எடுக்க முடியவில்லை. அனுமதி கிடைக்கவில்லை, உரிமை கிடைக்கவில்லை, உத்தரவு மாறவில்லை. ஒரு பெடியனுக்கு வெட்கம் வந்தது, அவ்வளவுதான். ஒரு பெண் தன் வீட்டில் குளிப்பது ஒரு சிப்பாயின் வெட்கத்தில் தங்கியிருந்தால், அந்த வெட்கத்தை வேறு ஊருக்கு மாற்றினால் என்ன ஆகும்?

மாற்றினார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை மாடியில் ஆட்கள் மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் புதியவர்கள் வந்து, புகையைப் பற்றிக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா வாசலுக்கு வந்து, துவக்கு வைத்திருந்த அந்நிய ஆண்களிடம், தான் எங்கே எப்படிக் குளிக்கிறாள் என்று சொல்ல வேண்டியிருந்தது. தன்னை யாரும் பார்க்காமல் இருப்பதற்கு அவள் தன்னைப் பற்றி எல்லாருக்கும் அறிவிக்க வேண்டியிருந்தது. நான் சொல்கிறேன் என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ சொன்னா அவங்கள் உன்னோட வாதாடுவாங்கள்" என்றாள். "நான் சொன்னாப் போயிடுவாங்கள்."

அடுத்த வருடத்தின் கடைசியில் வந்த கூட்டத்தில் ஒருவன் வயதானவன், அனுபவப்பட்டவன். அக்கா சொன்னதைக் கேட்டு அவன் வெட்கப்படவில்லை. உள்ளே பார்க்க வேண்டும் என்றான். சோதனை என்றான். அக்கா விலகி நின்றாள். அவன் குசினிக்குள் போய், அண்டாவை எட்டிப் பார்த்து, சவுக்காரப் பெட்டியைத் திறந்து மூடி, கொடியில் கிடந்த, அக்கா குளிக்கக் கட்டும் ஈரத் துணியைத் துவக்கின் நுனியால் விலக்கிப் பார்த்துவிட்டு வந்தான். சரி, அடுப்பு வெளியிலேயே இருக்கலாம் என்றான்.

அவர்கள் போனதும் அக்கா அந்தத் துணியை எடுத்து அம்மாவின் அடுப்பில் போட்டாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு என்னைத் தண்ணீர் அள்ளச் சொன்னாள். குசினி நிலத்தையும் சுவரையும் கதவையும் தேய்த்துக் கழுவினாள். நேசரிக்கு நேரம் போய்விட்டது என்று அம்மா சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. நான் அள்ளிக்கொண்டே இருந்தேன். மாடியில் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.